கிராணியார் வீட்டு நூலகங்கள்

இரும் தம்பி, அவசரப்படாதேயும். உம்மட அப்பா கேட்டுவிட்ட கார்டு கடைசி அல்பத்திலதான் வரவேணும். ஆறு அல்பத்தையும் வரிசையாப் பார்த்தால்தான் ஒரு ஒழுங்கு. யாழ்ப்பாணத்தில இருந்து கனடாவுக்குப் போற மனிசன், கோலாலம்பூர்ல இறங்கி, கிள்ளான் பஸ் பிடிச்சு, அசாம் ஜாவாவில பிழையா இறங்கி, பேந்து இன்னொரு பஸ் பிடிச்சு வந்திருக்கிறீர். இன்னும் பத்து நிமிசம் பொறுக்க மாட்டீரோ? ஃபேனை உம்மட பக்கம் திருப்பி விடுறன். தேத்தண்ணியைக் குடியும். மாமி பாசிர் பெனம்பாங்குக்கு இறால் வாங்கப் போயிட்டா, வந்து சமைச்சுத் தருவா.

ஓம் ஓம், எந்தக் கார்டு எண்டு தெரியும். யாழ்ப்பாணம் பப்ளிக் லைப்ரரி, வாசல்படியில உம்மட அப்பா சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம். சபாரத்தினம் மச்சானை எனக்குத் தெரியாதோ? அந்த லைப்ரரிக் கவுண்டர்ல இருபத்தாறு வருசம் இருந்தவர். அவரிட்ட இருந்த அந்தக் கார்டுக் கொப்பியெல்லாம் மேசை லாச்சியோட எரிஞ்சுபோச்சு, மிச்சம் ஒண்டுதான், அது மாமாவிட்ட கிடக்கு எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறார். தெரியும் தம்பி. மூண்டு மாசத்துக்கு முந்தியே எனக்கும் எழுதினவர்.

இதைப் பாரும். வியன்னா. தங்கம் பூசின கூரை, மேல தேவதை மாதிரிக் கொஞ்சப் பேர் பறக்கினம். எங்கட தோட்டத்தில ஆக்களை மேய்க்கிற மண்டோர் உடையப்பன் இதைப் பார்த்திட்டு, ஐயா இது என்னா கோயிலு எண்டு கேட்டான். லைப்ரரியடா எண்டன். ஒரு ஆளைக் கூடக் காணோமே, யாருய்யா படிக்கிறாங்க எண்டான். பிறகு நானும் எல்லாத்தையும் திருப்பிப் பார்த்தன் லா. உண்மையிலேயே ஒரு படத்திலயும் ஒரு ஆளும் வாசிக்கிறேல்லை, பார்த்தீரோ? இது டப்ளின். இது மெக்சிகோ, சுவர் முழுக்கச் சித்திரம். இது பழைய கார்டு, உம்மட அப்பப்பா காலம், பாரிஸ். கோடு போட்ட மீசையோட ஒரு காவல்காரன் நிக்கிறான், அவனும் வாசிக்கேல்லை.

நானோ? நான் எங்க போனனான்! ஆகத் தூரம் போனது ஈப்போ, அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு. நான் வாசிக்கிறது பேப்பர்ல ராசிபலனும் ரப்பர் விலையும். உலகத்து லைப்ரரி எல்லாம் வீட்டில வைச்சிருக்கிற எனக்கு ஒரு லைப்ரரியிலயும் மெம்பர் கார்டு கிடையாது. சிரியும், சிரியும். தோட்டமே சிரிச்சு முடிஞ்சு இப்ப களைச்சுப் போச்சு. தபால்காரன் காளியண்ணன் சைக்கிள் மணி அடிச்சால், கிராணியாருக்கு இன்னொரு பங்களா வந்திருக்கு எண்டு லயத்துப் பிள்ளையள் கத்துங்கள்.

இன்னும் பகிடி கேளும். நான் தோட்டத்து ஒபிஸில கணக்கெழுதுற கிராணிதானே, வேலை முடிஞ்ச பிறகு அங்கத்தைய டைப்ரைட்டர்லதான் வெளிநாட்டுக்குக் கடிதம் அடிக்கிறனான். மனேஜர் பார்த்தார், சுவீடனில இருந்து கடிதம், அமெரிக்காவில இருந்து கடிதம். மனிசன் வேற வேலைக்கு எழுதிப் போடுறான் எண்டு பயந்து, என்னைப் பிடிச்சு வைக்கிறதுக்கு வீட்டுக்கு இந்த ஃபேனை வாங்கித் தந்தவர். இப்ப உமக்குக் காத்து வாறது சுவீடன்காரரின்ர தயவிலதான்.

என்ன, ஆறாவது அல்பமோ? அது அலுமாரியில... இரும் தம்பி, எழும்பாதேயும். சொல்லுறன்.

எண்பத்தோராம் ஆண்டு ஏப்ரல். எங்கட கலியாண நாள் வருது, இருபதாவது. மாமிக்கு ஒரு பாட்டு, கலியாணமான புதுசில நெடுக முணுமுணுப்பா. அதை ரேடியோவில நேயர் விருப்பத்தில கேட்டு, திடீரெண்டு பேர் சொல்ல வைக்கலாம் எண்டு எனக்கு ஒரு ஆசை. போஸ்ட்கார்டில எழுதித்தான் போடவேணும், கடிதத்தை எடுக்க மாட்டினம். நான் வழக்கம் போல மறந்துபோய், கடைசித் தபாலுக்கு அரை மணித்தியாலம் இருக்கேக்க நினைச்சன். தோட்டத்துக் கடையில கார்டு முடிஞ்சுது. அப்ப என்னட்ட ஒரு அல்பம், அதில பதினொரு கார்டு. லண்டனை எடுத்தன், மனம் வரேல்லை. வியன்னாவை எடுத்தன், சீச்சீ, தங்கக் கூரையைக் குடுக்கிறதோ? அப்ப உம்மட அப்பா கவருக்குள்ள வைச்சு அனுப்பின கார்டு, பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல் வெறுமையாக் கிடந்துது. இது எங்கட ஊர்தானே எண்டு நினைச்சன் தம்பி. மச்சான் கவுண்டர்லதானே இருக்கிறான், ஒரு வரி எழுதினால் பத்து அனுப்புவான் எண்டு நினைச்சன்.

ஓம். அதைத்தான் போட்டன்.

பாட்டு ரேடியோவில போச்சு, போகாமல் என்ன! மே மாசம், ஒரு ஞாயிறு மத்தியானம். கோல சிலாங்கூர் குமாரசிங்கம் தன் மனைவி விமலாதேவிக்காக எண்டு சொல்லி, அறிவிப்பாளர், அழகான வெள்ளைக் கட்டடப் படம் போட்ட அட்டையில எழுதியிருக்கிறார் எண்டும் சேர்த்துச் சொன்னவர். மாமி கையில மாவோட ஓடி வந்து கதவில சாஞ்சு நிண்டவ. நான் சட்டைக் கொலரைத் தூக்கி விட்டுக்கொண்டு இருந்தனான், என்னவோ அந்த லைப்ரரியைக் கட்டினவன் நான் எண்ட மாதிரி. மச்சானிட்ட இன்னொண்டு கேட்டு எழுதவேணும், நாளைக்கு எழுதுவம், நாளண்டைக்கு எழுதுவம் எண்டு விட்டன். அடுத்தது ஜூன். லைப்ரரி எரிஞ்ச செய்தி வந்திட்டுது. பேந்து என்னெண்டு கேக்கிறது? மனிசன் தொண்ணூறாயிரத்துக்கு மேல புத்தகம் போச்சு எண்டு எழுதுறார், நான் எனக்கு ஒரு படம் அனுப்பு எண்டு எழுதுறதோ?

ரேடியோவுக்கும் போய்க் கேட்டனான். பஸ்ஸில போய், வெளுத்த சேட்டுப் போட்டு, கழுத்தில ரையும் கட்டிக்கொண்டு. ஒரு பிள்ளை பாவம், நல்ல பிள்ளை, எனக்குக் கதிரை தந்து வடிவாச் சொன்னவ. வாற கார்டெல்லாம் மாசா மாசம் ஒதுக்கிப் போடுவினமாம். மூட்டை மூட்டையா வருதாம், எங்க வைக்கிறது? சரிதானே.

வேற எங்கயும் கிடைக்காதோ எண்டு கேக்கிறீர் என்ன? இந்த வியன்னாவைக் கழட்டாதேயும், அது பழசு. இஞ்ச, இந்த டப்ளினைக் கழட்டித் திருப்பிப் பாரும். வாசியும். நீர் இங்கிலீசு படிச்ச பிள்ளைதானே.

வி ரிக்ரெட். அதுதான். யாழ்ப்பாணத்து லைப்ரரிப் படம் எங்களிட்ட இல்லை, வருந்துகிறோம், எங்கட கட்டடத்தின்ர படம் ஒண்டு அன்போட அனுப்புறம். மெக்சிகோவைத் திருப்பும். அதேதான், எழுத்துப் பிழையோட. சுவீடன். அதேதான். பாரிஸ்காரர் பழைய கார்டாத் தேடி வைச்சிருக்கினம், எவ்வளவு மரியாதை பாரும், ஆனால் இல்லை. உலகத்தில எந்த லைப்ரரியிலயாவது ஒரு படம் ஒதுங்கிக் கிடக்கும் எண்டு ஐஞ்சு வருசமா எழுதுறன் தம்பி. ஆறாவது அல்பம் எண்டு ஒண்டும் இல்லை, அதுவும் பொய். அந்தப் பழைய பத்துப் போக, மற்ற இருநூற்றுப் பதினாலும் இல்லை எண்டு வந்த பதில். சேர்த்தது நான் இல்லை, ஒவ்வொருத்தரும் இல்லை எண்டு சொல்லச் சொல்லச் சேர்ந்தது.

கண்ணைத் துடையும். அப்பாவுக்கு என்ன எழுதவேணுமோ அதை எழுதும், என்னைத் திட்டித்தான் எழுதவேணும் எண்டாலும் எழுதும். கேற் திறக்கிற சத்தம் கேக்குது, மாமி வந்திட்டா. ரேடியோவில பேர் சொன்ன கதையை எப்பிடியும் உமக்குச் சொல்லுவா, வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுறவ. எந்தக் கார்டில எழுதினனான் எண்டு அவவுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. முதல் தரம் கேக்கிற மாதிரிக் கேளும், என்ன.