எருமை ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?

— மேடம், இனிமே என் பொண்ணுக்கு அந்த எருமை புத்தகத்தைக் குடுக்காதீங்க.

— மெதுவா பேசுங்க கிளிஃபர்ட் சார். நோரா உள் ரூம்லதான் இருக்கா, அடுத்த புத்தகம் தேடிட்டு. எந்த எருமை?

— அதான் மேடம், ஏரிக்கரையில ஒரு எருமை. அது முதுகு மேல எப்பவும் ஒரு கொக்கு. ஒருநாள் விருந்துல எருமை ஒரு கத்து கத்துது, கொக்கு பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிடுது. அந்தப் புத்தகம்.

— அய்யோ, அது நல்ல புத்தகமாச்சே! முப்பது வருஷம் விதான சௌதாவுல சர்க்கார் ஃபைல் படிச்சவ நான். ரிட்டயர் ஆகி இந்த லைப்ரரியைத் தொடங்கினப்ப முதல்ல வாங்கினதுல அது ஒண்ணு. எட்டு வயசுப் பசங்களுக்கு அவ்ளோ நல்லது. கோபம் வந்தா என்ன பண்ணணும், மன்னிப்பு எப்படிக் கேக்கணும்...

— எட்டு வயசுக்கு நல்லதாவே இருக்கட்டும். எனக்கு நாப்பத்திரெண்டு. என்னைப் பதினோரு தடவை படிக்க வச்சிட்டா!

— ஹௌதா, நிஜமாவா? பதினோரு தடவையா!

— நான் ஒண்ணும் குத்தம் சொல்லலை மேடம். ஆனா பீன்யா ஃபேக்டரியில நாள் பூரா மிஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றேன். ஷூவைக்கூடக் கழட்டலை, "டாடி உக்காருங்க, படிங்க"ங்கறா. சத்தமா படிக்கணும். எருமை பேசற இடத்துல எருமை மாதிரியே குரல் குடுக்கணும்.

— குடுத்தீங்களா?

— குடுத்தேன். "சூப்பர் டாடி, உங்களுக்கு ஈஸியா வருது"ங்கறா.

— நல்லாத்தானே சொல்லியிருக்கா.

— அதோட விட்டாளா? கடைசிப் பக்கத்துல கேள்வி போட்டிருக்கீங்களே.

— நான் போடலை சார், எழுதினவங்க போட்டது. 'எருமை ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?'

— அதேதான். எருமை மேல தப்பில்ல, அதனால கேக்கலைன்னேன். "தப்பு டாடி, மறுபடியும் படிங்க." மறுநாள், எருமைக்கு வேலை ஜாஸ்தி, மறந்துபோச்சுன்னு சொல்லிப் பாத்தேன். "தப்பு, மறுபடியும்." நேத்து அசதியில, மழை பெஞ்சுது, அதான் கேக்கலைன்னுட்டேன்.

— அதுல மழையே வராதே?

— வராது. அதான் பதினோராவது தடவை.

— சார், கோவிச்சுக்காதீங்க. அந்த எருமைக்கு நீங்க ஏன் இவ்ளோ சப்போர்ட்?

— நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்! அந்தக் கொக்கு பண்ணது மட்டும் சரியா? நாப்பது பேருக்குச் சொல்லி வச்ச பிரியாணிக்கு, கேக்காம கொள்ளாம எழுபது பேரைக் கூப்பிட்டிருக்கு! கோயில் கொயர்ல பாடறவன் ஒருத்தன் பாக்கியில்ல! ஃபாதர் தட்டுல வெறும் வெங்காயப் பச்சடி!

— புத்தகத்துல பிரியாணி எங்க வந்தது? புல்லுதானே தின்னுதுங்க?

— அது... வந்து...

— யார் வீட்டு விருந்து சார் அது?

— நோராவோட ஃபர்ஸ்ட் கம்யூனியன், முதல் நற்கருணை வாங்கின விசேஷம். போன வருஷம் மே மாசம்.

— கொக்கு யாரு?

— எங்க அண்ணன், கில்பர்ட். எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான்... இருக்காரு.

— என்னன்னு கத்தினீங்க?

— "ஓசியில பேர் வாங்கணும்னா உன் வீட்டுல ஆக்கிப் போடு"ன்னு. எல்லார் முன்னாடியும். அவர் கையில கோழிக்கால். அதை அப்படியே தட்டுல வச்சிட்டு, கைகூடக் கழுவாம எந்திரிச்சுப் போயிட்டாரு. பதினாலு மாசம் ஆச்சு. ரெண்டு வீட்டுக்கும் வாசல்ல ஒரே கேட்டுதான் மேடம். நான் வெளிய வந்தா அவர் ஃபோனை எடுத்துப் பாப்பாரு. சில நாள் தலைகீழா புடிச்சிருப்பாரு.

— பசங்க?

— அவர் பொண்ணு சிந்தியாவும் நோராவும் ஒரே வயசு. மாடிக்குப் போகக்கூடாதுன்னு நோராகிட்ட சொல்லி வச்சிருந்தேன். இனிமே அதுகூட சொல்ல வேண்டியதில்ல. சந்தாபுராவுல வீடு பாத்துட்டாரு, நாளைக்குக் காலைல லாரி வருது. போகட்டும். எனக்கென்ன!

— உங்களுக்கு ஒண்ணுமில்ல?

— ஒண்ணுமில்ல. மேல சேர் இழுக்கற சத்தம் இருக்காது. நிம்மதி.

— கண்ணைத் துடைச்சுக்குங்க.

— தூசி மேடம். புத்தகத்தையெல்லாம் தட்டி வைக்கறதே இல்லையா நீங்க?

— வைக்கறேன். இருங்க, ஒரு விஷயம். அந்த எருமை புத்தகம் இங்க ரெண்டு காப்பி இருக்கு. ஒண்ணு நோராகிட்ட. இன்னொண்ணை யாரு எடுத்துட்டுப் போனா தெரியுமா? சிந்தியா.

— எங்க அண்ணன் பொண்ணா? எதுக்கு?

— அவ அப்பாவைப் படிக்க வைக்கத்தான்.

— அண்ணன் படிக்கறாரா? கொக்குக் குரல்லயா?

— அதே கடைசிக் கேள்வியை அவளும் கேட்டாளாம்.

— அவர் என்ன சொன்னாரு?

— உங்களுக்கென்ன சார், நீங்கதான் ஒண்ணுமில்லன்னீங்களே.

— மேடம்!

— "எருமை எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? தப்பு கொக்கு மேலதான். சொல்லாம கொள்ளாம ஊரைக் கூட்டினது அதுதானே"ன்னாராம்.

— அண்ணனா? எங்க அண்ணனா அப்படிச் சொன்னாரு?

— ஹௌது, அவரேதான். உங்களுக்குச் சந்தோஷம்தானே? ஜெயிச்சிட்டீங்க.

— இல்ல மேடம், தப்பு! அந்தக் கொக்கு பாவம் என்ன பண்ணும்? தம்பி பொண்ணு விசேஷம்னு தலைகால் புரியாத சந்தோஷத்துல எல்லாரையும் கூப்பிட்டுடுச்சு. அதுக்காக ஊரே பாக்கக் கத்தறதா? சாப்பிட்டுட்டு இருக்கற மனுஷனை எழுப்பி அனுப்பறதா? எருமை ஏன் கேக்கலைன்னா... வெக்கம் மேடம். நாளாக நாளாக வெக்கம் ஜாஸ்தியாயிடுச்சு. அதான் பதில்.

— இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உங்க வீட்டு மாடிக்கு எத்தனை படி?

— பதினாறு.

— லாரி நாளைக்குத்தானே? இன்னிக்கு இல்லையே?

— நோராவைக் கொஞ்சம் பாத்துக்குங்க மேடம். இதோ வந்துடறேன்.

— சார், வண்டி சாவி! மேஜை மேலயே வச்சிட்டுப் போறீங்க!

— வேணாம் மேடம், ஓடிடறேன்!

— பாத்து, ரோட்டைப் பாத்து... நோரா, வெளிய வா கண்ணு. அப்பா போயாச்சு.

— எல்லாம் கேட்டுச்சு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி. டாடி கரெக்ட் ஆன்சர் சொல்லிட்டாரு!

— நூத்துக்கு நூறு.

— ஆனா ஆன்ட்டி, ரெண்டாவது எருமை புத்தகம் உள் ரூம் ஷெல்ஃப்லயே இருக்கே. சிந்தியா அதை எடுக்கவே இல்லையே?

— ம்... எடுக்கலை.

— அப்போ பெரியப்பா அப்படிச் சொல்லலையா?

— இன்னும் சொல்லலை கண்ணு. இன்னும் பத்து நிமிஷத்துல சொல்லுவாரு.

— அது பொய்தானே ஆன்ட்டி?

— பொய்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. அது வந்து... மழை பெஞ்சுதா, அதான்...

— பரவாயில்ல ஆன்ட்டி. நீங்க உக்காருங்க, பொய் சொல்ற மைனா புத்தகம் மேல் தட்டுல இருக்கு, எடுத்துட்டு வர்றேன். சத்தமா படிக்கணும்.