குளிர்காற்று விழும் படுக்கை

நல்ல தண்ணீரில் துவைத்த சட்டையைப் போடும் சுகம் உங்களுக்குத் தெரியாது, ஐயா. நீங்கள் கரையில் இருப்பவர். எங்கள் நீர்மூழ்கியில் குடிநீரை அளந்துதான் கொடுப்பார்கள். துவைக்கக் கேட்டால் சமையல்காரன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். ஆனால் என் குளிர்விப்பு இயந்திரம், எழுபது பேருடைய மூச்சிலும் வேர்வையிலும் இருந்த ஈரத்தைப் பிழிந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தது. எல்லோரும் அதில்தான் துணி துவைத்தார்கள். அந்த இயந்திரம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பது முதலில் பதிவாகட்டும்.

என் பெயர் விர்ஜில் ஹாக். நீர்மூழ்கிகளில் ஒன்பது வருடம். அதில் ஐந்து வருடம் குளிர்விப்பே இல்லாத பழைய படகில் கழிந்தது. நூற்றுப்பத்து டிகிரி வெக்கை. இரும்புச் சுவரே வேர்க்கும். அந்த ஈரம் மின்பலகைக்குள் இறங்கி ஒரு நாள் பொறி கிளம்பியது. பக்கத்தில் நின்றவன் கருகிப்போனான். மிச்சத்தை வழித்து எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதன்பிறகு இந்தப் புதுப் படகுக்கு மாற்றினார்கள். குளிர்காற்று முதன்முதலாகக் கழுத்தில் பட்டபோது அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் கேப்டன் பழைய காலத்து ஆள். "சினிமாக் கொட்டகைக்குப் போடற சொகுச எல்லாம் சண்டைப் படகுல கொண்டாந்து வெச்சிருக்கானுங்க" என்பார். இந்தப் பயணம் கிளம்பிய அன்றே என்னைக் கூப்பிட்டார். "ஹாக், ஒன் பெட்டி இன்னொரு தடவ மக்கர் பண்ணிச்சுன்னா, பிடுங்கிக் கடல்ல போட்டுட்டு அந்த எடத்துல தக்காளி டப்பா அடுக்குவேன், தெரிஞ்சுதா?" அவர் சொன்னால் செய்கிறவர்.

பன்னிரண்டாம் நாள் ஜப்பானியக் கப்பல் ஒன்று எங்களைக் கண்டுகொண்டு மேலிருந்து வெடிகளைப் போட ஆரம்பித்தது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதால் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் கிடந்தோம். தரையெல்லாம் வேர்வை. கப்பல் போனதும் இயந்திரத்தைத் திருப்பி ஓட்டச் சொன்னார்கள். கண்ணில் வேர்வை வழிந்தது. தவறான குழாயைத் திறந்துவிட்டேன். குளிரைக் கொடுக்கும் ஃப்ரியான் வாயு முழுக்க வெளியேறிப் போயிற்று. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது.

மாற்று வாயு உருளை ஒன்று வைத்திருந்தேன். அது ஃப்ரியான் அல்ல. போர்க்காலத் தட்டுப்பாடு. துறைமுகக் கிடங்கில் ஃப்ரியான் இல்லாததால், இறைச்சிக் கிடங்குக்குப் போடுகிற வேறொரு வாயுவைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தேன். மனிதர்கள் மூச்சுவிடும் இடத்தில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று எங்கள் புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. அதை நான் படித்திருக்கிறேன். தக்காளி டப்பாக்களையும் நினைத்துப் பார்த்தேன். வாயுவை ஏற்றினேன். இருபது நிமிடத்தில் குளிர்காற்று வந்தது. அந்தப் பக்கம் போன கேப்டன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒன்பது வருடத்தில் ஒரு கேப்டன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

காற்றுக்குழாயின் வாய்க்கு நேர் கீழே இருந்த படுக்கை என்னுடையது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது எழுதாத உரிமை. டார்ப்பீடோ அறையில் கிடந்து வேகும் கிளைட் ராஸ்முசனுக்கு அந்தப் படுக்கைமேல் ஒரு கண். என் வயதுக்காரன், என் சிநேகிதன்தான். "கஞ்சப்பயலே, சவப்பெட்டிக்குள்ளயும் ஒரு குழாய் போட்டுக்குவடா நீ" என்று மாதக்கணக்காக வம்பிழுப்பான்.

வாயு ஏற்றிய நான்காம் நாள் எனக்குத் தலை கனத்தது. நாக்கில் இனிப்பு தட்டியது. எங்களிடம் ஒரு சிறு சாராய விளக்கு உண்டு. அதன் சுடர் நீலம். வாயு கசிகிற இடத்தில் பச்சையாகிவிடும். அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் ஆளில்லாத நேரம் பார்த்து அதைப் பற்றவைத்து என் தலையணைக்கு மேலே பிடித்தேன். புல்லைப்போலப் பச்சை. வெடிகளின் அதிர்வில் அங்கே வாயு ஓடும் சுருள்குழாய் விரிசல் விட்டிருக்க வேண்டும். சரிசெய்வதானால் வாயுவை இறக்க வேண்டும். இறக்கினால் என்ன வாயு என்று கேட்பார்கள். துறைமுகம் போய்ச் சேரப் பதினோரு நாள். விளக்கை அணைத்தேன்.

அன்று மத்தியானம் கிளைடிடம் போய், என் படுக்கையை எடுத்துக்கொள் என்றேன்.

"நெசமாவா? ஒனக்குக் காய்ச்ச கீய்ச்ச அடிக்குதா?"

"முதுகு வலிடா. ஜில்லுன்னு படுத்தா ஆகல."

"இரு இரு, ஒம் மனசு மாறதுக்குள்ள தலகாணிய எடுத்துட்டு ஓடியாறேன்." ஓடியே வந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்ததில்லை. எனக்கும் மனதுக்கு நிறைவாக இருந்தது.

மூன்றாம் நாள் அவன் நடை தள்ளாடியது. நாக்குக் குழறியது. ஒரு காப்பிக் குவளையை நீட்டினால் இரண்டாகத் தெரிந்து, இல்லாத குவளைக்குக் கை நீட்டினான். அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் மூன்று பேருக்கும் தலைவலி. படகில் மருத்துவர் கிடையாது. மருந்துப் பெட்டியை வைத்திருந்த எம்மெட் லாயைத்தான் டாக்டர் என்போம். இது குடிபோதை என்பதைத் தவிர அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள். டார்ப்பீடோவுக்கு ஊற்றும் எரிசாராயத்தை ரொட்டியில் வடிகட்டி அன்னாசிப்பழச் சாறு கலந்து குடிப்பது எல்லாப் படகிலும் நடப்பதுதான். அதுவும் இவன் டார்ப்பீடோக்காரன்.

லாய் என்னிடம் வந்தான். "வாயில வாடையே இல்ல. வடிகட்டறதுல கில்லாடிப் பயலுக. நீ அவன் சேக்காளிதான, அவன் குடிச்சதப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

சொன்னது சொன்னதாக நிற்கவேண்டுமே. விளக்குக்கு ஊற்றும் சாராயத்தில் அரைப் புட்டியைக் கிளைடின் மெத்தைக்கு அடியில் வைத்தேன். லாய் தேடியபோது அது அகப்பட்டது. போதை தெளியும்வரை படுக்கையை விட்டு அசையக்கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டார். என் பழைய படுக்கையைத்தான் சொல்கிறேன்.

சாப்பாடு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளைட் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் ஒரு சொட்டுகூடத் தொடலடா, விர்ஜில். நீயாச்சும் நம்பு."

"நம்பறேன்டா."

"இங்க என்னமோ தித்திப்பா ஒரு வாட அடிக்குது. இந்தக் காத்துலதான் ஏதோ இருக்கு. கேப்டன்ட்ட சொல்றியா?"

அந்தக் குழறலிலும் அவன் சரியாகவே கண்டுபிடித்திருந்தான். இயந்திர அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். "சொல்லிட்டேன். பாக்கறேன்னாரு."

"என்னைய எங்க ரூமுக்கே தூக்கிட்டுப் போயிர்றா. வெந்தாலும் பரவால்ல."

"அங்க போனா செத்துருவ. இங்கயே இரு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு குழாய்வாய்க்கும் திருகி மூடும் ஒரு தகடு உண்டு. அக்கம்பக்கத்துத் தகடுகள் மூன்றையும் மூடினேன். விரிசலுக்குப் பக்கத்துக் காற்று முழுவதும் ஒரே வாய் வழியாகப் போகட்டும் என்று கிளைடின் தலைக்கு மேலே இருந்ததை முழுக்கத் திறந்தேன். எழுபது பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதைவிட ஒருவன் குடிப்பது மேல் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பவில்லை. மறுநாளே அந்த மூன்று பேருக்கும் தலைவலி விட்டது. லாயிடம் கேட்டுப் பாருங்கள்.

கிளைட் இரண்டு நாள் இருந்தான். இரண்டாம் நாள் காலை, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கைகால் வெட்டி இழுத்தது. நான்தான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிர் அடங்கியதும், கடலில் இறக்குவதற்காகக் கித்தான் துணியில் வைத்துத் தைத்தவனும் நான்தான். திருட்டுச் சாராயம் குடித்துச் செத்தான் என்று கேப்டன் பதிவேட்டில் எழுதினார். அவன் அம்மாவுக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. துறைமுகம் சேரும்வரை இயந்திரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இங்கே வந்து உங்கள் ஆட்கள் வாயுவை இறக்கிப் பார்த்ததும் இனிப்பு வாடை அடித்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தும் பார்த்தேன். பெரும்பாலும் சரி. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசிப் பாராவில் "விர்ஜில் ஹாக்கின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்" என்று இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. கிளைடின் தலைக்கு மேலிருந்த தகட்டை இரண்டு நாளும் மணிக்கு ஒரு தடவை போய்ச் சரிபார்த்தவன் நான். என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.