மேலகரத்துப் பிளக்ஸில் சிக்மாவும் பையும்

தென்காசி வட்டாரத்தில் இரண்டு அணுக்கள் சேர வேண்டுமானாலும் தம்மைக் கேட்டுத்தான் சேர வேண்டும் என்பது வேதியியல் டியூஷன் மாஸ்டர் ஜெகதீஸ்வரனின் எண்ணம். மேலகரத்தில் அவருடைய புது டியூஷன் சென்டருக்கு அன்று பத்து மணிக்குத் திறப்பு விழா. ஒன்பதரைக்கு, வாசலில் கட்டிய பிளக்ஸை அண்ணாந்து பார்த்தவர், அதை அடித்துக்கொடுத்த முகம்மது சலீமுக்குப் போன் போட்டார்.

"ஹலோ... சலீம் பாய், என் மானத்த வாங்கிட்டீரே வே!... ஆமா, ஆமா, கலர் நல்லாத்தான் இருக்கு. என் போட்டோவும் நல்லாத்தான் இருக்கு. கீழ உள்ள படத்தப் பாத்தீரா?... டம்பெல் மாதிரி இருக்குல்லா, அதான் ஆர்பிட்டால், அணுவுல எலக்ட்ரான் இருக்க இடம். ரெண்டும் நேர்கோட்டுல, முனையோட முனை இடிச்சு நிக்குல்லா, அது சிக்மா பிணைப்பு. நீரு 'பை'னு போட்டிருக்கீரு. அடுத்த படத்துல பக்கவாட்டுல உரசி நிக்கது பை, அதுக்கு 'சிக்மா'னு போட்டிருக்கீரு... எப்படிச் சொல்ல? குத்தாலத்துல சீசன் கூட்டத்துல எதுக்க வாரவன் மண்டையோட மண்ட மோதுதான் பாரும், அது சிக்மா. பக்கத்துல நின்னு குளிக்கவன் எண்ணெ தேச்ச தோளும் தொடையுமா உரசுதான், அது பை. உரசுனது லேசுல விட்டுரும், மோதுனது விடாது... சிரிக்காதேயும் வே!

யாரு வாரா தெரியுமா? காலேஜ் கெமிஸ்ட்ரி எச்.ஓ.டி. ஜெயசித்ரா மேடம்! அந்தம்மா ரிப்பன வெட்டுமா, என்னிய வெட்டுமா? ஒரு வார்த்த சொல்லிட்டா ஒரு பிள்ள சேராது... என்னது, நான் எழுதிக் குடுத்ததா? பத்தொம்பது வருசமா நடத்துதேன், நான் மாத்தி எழுதுவனா?... சரி, அனுப்பும் பாப்போம்."

வாட்ஸ்அப்பில் துண்டுச்சீட்டின் படம் வந்தது. பார்த்தார். குரல் ஒரு படி இறங்கியது.

"...ஆமா. என் கையெழுத்துதான்... யாரு, ஒம்ம மக முஹ்ஸினாவா? பேரு ரெண்டும் மாறிக் கெடக்குன்னு அப்பமே சொன்னாளா?... ஆமா, ஆமா. 'ப்ளஸ் ஒன் பிள்ளைய வச்சு எனக்குப் பாடம் எடுக்காதேயும், எழுதுனத அப்படியே அடியும்'னேன். ஞாபகம் இருக்கு. கட்டவிரல் பொம்மையும் அனுப்புனேன்... விடும் வே, இப்ப அதையா பேசுதீரு!

ரெண்டு ஸ்டிக்கர் அடிச்சுக் கொண்டாரும், மேல ஒட்டிருவோம்... கரண்ட் இல்லையா? வெளங்கிரும்... பாய், முஹ்ஸினாவ இங்கன சேத்து விடும், பீஸே வேண்டாம்... அவளே வேண்டாம்னுட்டாளா? ஏன்?... சரி, சரி, அதச் சத்தமாச் சொல்லாதேயும்.

ஐயோ, கார் வந்துட்டு! இரும்... வேற வழியில்ல, மேடத்துக்கு வாங்குன பொன்னாடைய எடுத்து அது மேல தொங்கப் போடுதேன். வைக்கேன்."

போனை வைத்தார். மறைக்க வேண்டிய பெயர்கள் இரண்டு. அவர் வாங்கியிருந்த பொன்னாடை ஒன்று.