சிவப்புக் குழாய்

குளிக்கும்போது சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே வேகத்தில் வர வேண்டும், சார். ஒன்று பாய்ந்து மற்றது சொட்டினால் எவ்வளவு திருகினாலும் பதம் வராது. இங்கே குவைத்தில், மங்காஃபில் எங்கள் ரூமில் அப்படித்தான் இருந்தது. பிளம்பர் வேலை பார்க்கிற எனக்கு அது பொறுக்கவில்லை. ஹீட்டர் வழியாகச் சுடுதண்ணீர் வரும் சிவப்புக் குழாயில் அடைத்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தேன். பச்சைத் தண்ணீரை மோட்டார் தள்ளிவிடும் நீலக் குழாயின் வால்வைக் கொஞ்சம் இறுக்கினேன். இரண்டும் சமமாக வந்தன. “மாப்ள, ஸ்டார் ஓட்டல் தோத்துச்சு போ” என்று வீரபாண்டி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீரபாண்டி என் ரூம்காரன். சிவகங்கைப் பக்கம், எனக்குப் பக்கத்து ஊர். சோலையப்பன் என்கிற எனக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் தட்டிப்போய்விட்டது. டூட்டி முடிந்து கதவைத் திறந்தால் சாப்பிட்டாயா என்று கேட்க அவன் ஒருவன் இருந்தான். எனக்கு அதுவே போதும்.

2007 கோடையில், விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்றான். “எம் பொண்ணு என்னைய போன்லதான் அப்பாங்குது. போதும் மாப்ள.” நியாயமான பேச்சு. நானும் சரியென்றுதான் சொன்னேன். ஆனால் அவன் பெட்டி கட்டத் தொடங்கியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்க முடியாத துக்கம், சார்.

அவன் காலில் கொஞ்சம் வெந்துவிட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். மருந்து தடவி, கஞ்சி வைத்துக் கொடுத்து, நானே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஊர்க் கோடை உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தொட்டி கொதித்துக் கிடப்பதால் நீலக் குழாயில் சுடுதண்ணீர்தான் வரும். அதனால் எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஏசியின் குளிர்ச்சியில் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஆறிவிடும். கோடைக்கு எங்களுக்குச் சிவப்புதான் பச்சைத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் திருகுவோம். அந்த வெள்ளிக்கிழமை அவன் கடைக்குப் போயிருந்தபோது ஹீட்டரைப் போட்டேன். நன்றாகக் கொதித்ததும் அணைத்தேன், விளக்கு எரிந்தால் கவனித்துவிடுவான். நீலத்தை முழுக்க அடைத்தேன். சிவப்பில் வேகம் குறையக் கூடாதென்று அந்த வால்வை முழுக்கத் திறந்துவைத்தேன்.

ஷவர் தலைக்கு மேலே இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை மாட்டியவன் நான்தான். இருந்தாலும் தோன்றவில்லை.

அவன் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, எழுந்திருக்க முடியாமல் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தான். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான். விபத்து என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறாமல் நம்ம எம்பசிக்கு, உங்களிடம் நானாக வந்திருக்கிறேன்.

ரூமுக்கு வரும் தண்ணீர் மொத்தத்தையும் நிறுத்துகிற வால்வு, குளியலறைக் கதவுக்கு வெளியே இருக்கிறது. என் கை அதன் மேல்தான் இருந்தது. “சோலை, தண்ணிய நிறுத்துடா, சோலை” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். பெண்டாட்டியைக் கூப்பிடவில்லை, மகளைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். அவ்வளவு ஆசையாக என்னை யாருமே கூப்பிட்டதில்லை, சார். அவன் குரல் ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.