ஜெகதீசனின் நிறம்

மேடையில் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர் சங்கப் பெரியோர்களே, காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் மகள் கீர்த்தியோடு அமர்ந்திருக்கும் ஜெகதீசனின் மனைவி, தங்கை வினிதா அவர்களே!

மாரடைப்பு நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது யாரை? வண்ணக் காவலர் ஜெகதீசனை! திரையில் ஒரு நிறமும் பேப்பரில் ஒரு நிறமும் வந்தால் நாம் யாரைக் கூப்பிட்டோம்? ஜெகதீசனை! மானிட்டரின் மேல் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டு நிறத்தை அளப்பார். பிரிண்டரில் கட்டம் கட்டமாக நிறங்களை அடித்து அதையும் அளப்பார். இரண்டும் ஒத்துப்போகும்வரை டீ கூடக் குடிக்க மாட்டார். அவசரப்பட்டு நாம் முகத்தை வெளுக்க வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "போட்டோவுல கைய வைக்காத மாமு. உன் மானிட்டர் பொய் சொல்லிகினு கீது, அத்த சரி பண்ணு" என்பார்.

திருவொற்றியூர் மங்கம்மாவை மறக்க முடியுமா? கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அஞ்சலி பேனரில் நம் கடை ஒன்று அந்தப் பிள்ளையை ரோஜா நிறத்தில் அடித்துக் கொடுத்தது. "இது யார் பெத்த புள்ள? என் புள்ள கருப்புய்யா!" என்று அந்தத் தாய் தெருவில் நின்று கத்தினாள். ஜெகதீசன் வந்தார், அளந்தார், திருத்தினார், மறுபடி அடித்தார். மங்கம்மா அந்தக் கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா நைனா" என்றாள். அங்கே நின்றவர்களில் அழாதவர் யார்!

அந்த ஜெகதீசனுக்கு நாம் என்ன செய்தோம்? அவருடைய செல்போன் படங்கள் எல்லாம் போனே தானாக முகத்தை வெளுப்பாக்கி எடுத்தவை. உண்மை நிறத்தில் இருந்தது ஒரே படம். நிறம் சரியா என்று ஒத்துப் பார்க்க உதவும் சாம்பல் அட்டையைக் கையில் பிடித்து அவரே எடுத்துக்கொண்டது. அதைத்தான் இந்த அஞ்சலி பேனருக்காக வினிதா பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். "கொயந்தைக்கு அவுங்கப்பா மூஞ்சி தெரியணும்ணே, அது போதும்" என்றார்.

பேனரில் அவர் முகம் பச்சையாக வந்தது. சிவப்பைக் கூட்டினோம், சிவந்து போனது. மஞ்சளைக் கூட்டினோம். மானிட்டரை அளக்க ஒருவருக்கும் தெரியவில்லை. பேனர் அடித்த தம்பி ரஞ்சித் பென்டிரைவிலிருந்த படத்தையே திறந்து மாற்றி, அதன் மேலேயே சேமித்துவிட்டார். மூலப்படம் போயே போய்விட்டது. வேறு பிரதி கிடையாது. ரஞ்சித்தை மட்டும் திட்டாதீர்கள். சுற்றி நின்று "இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்றவர்கள் நாம்தான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். அந்தக் கருவியைக் கற்றுக்கொள்வோம், மானிட்டர்களை அளப்போம். நாளைக்கு எந்த வீட்டுப் பிள்ளையின் முகமும் சரியாக வரலாம். ஜெகதீசன் முகம் வராது. எதை வைத்து ஒத்துப் பார்ப்பது?

சற்று முன் மாலை போடும்போது கீர்த்தி இந்தப் பேனரைக் காட்டி, "அம்மா, இந்த மாமா யாரு?" என்று கேட்டாள். வினிதா மாலையை என் கையில் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். உங்களில் யாராவது அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்ல முடியுமானால் மேடைக்கு வாருங்கள். முடியாதென்றால், எல்லோரும் எழுந்து நின்று தலை குனிவோம்.