பதினோராவது நிமிடம்

ஒரு யூனிட் வெயிலின் விலை அரைக் கோப்பைத் தேநீர். நான் சொல்லவில்லை, மாநில அரசின் தூய்மை மின்சாரக் கொள்கையில் அச்சடித்தே இருக்கிறது. அவர்கள் காசில் போட்டிருந்தார்கள், தேநீராக மாற்றியது மட்டும் நான். உலகம் உண்டான நாளிலிருந்து சும்மா விழுந்துகொண்டிருந்த சரக்குக்கு ஒரு விலை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் வியாபாரிக் குடும்பத்தில் பிறந்தவன் என்ன செய்வான்? டெண்டர் போடுவான். போட்டேன்.

நீங்கள் தேநீர் கொடுத்ததால் அந்த நினைப்பு வந்தது. நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் விசாரணை அறைத் தேநீரில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. எழுதிக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்ளலாம்.

கொள்கை நல்ல கொள்கை. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அரசு மருத்துவமனைகளில் கரும்புகை கக்கிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டர்களை அப்புறப்படுத்த வேண்டும். கூரையில் சூரியத் தகடுகள், கீழே ஓர் அறை நிறைய பேட்டரிகள். கரண்ட் போனால் நான்கு மணி நேரம் மருத்துவமனை தாக்குப்பிடிக்க வேண்டும். இதை எழுதிய புண்ணியவான்கள் இன்னொன்றும் சேர்த்தார்கள்: எல்லாம் மக்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். பேட்டரியைச் சோதிப்பது ஊர்க்காரர்கள் முன்னிலையில். வாசலில் ஒரு மின்பலகை, இன்று எத்தனை யூனிட், கையிருப்பு எத்தனை மணி என்று எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு திறந்த கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம், துறைப் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

முப்பத்தாறு மருத்துவமனைகள் எனக்குக் கிடைத்தன. நான்தான் மிகக் குறைந்த விலை. அந்த விலையில் எப்படிக் கட்டுப்படியாகும் என்று பொறியாளர் ஒரு தடவை கேட்டார். வீட்டுக்குச் செய்வதுபோல் செய்கிறேன் சார் என்றேன். அவர் நெகிழ்ந்துவிட்டார்.

எங்கள் அப்பாவுக்குத் தானிய மண்டி. சாக்கு வாங்க வருகிறவன் சாக்கு முழுவதையும் கொட்டிப் பார்க்க மாட்டான். குத்தூசியைச் செருகி, அதில் வரும் ஒரு பிடியைக் கையில் கொட்டி ஊதிப் பார்ப்பான், தலையாட்டுவான், விலை பேசுவான். குத்தூசி எந்த இடத்தில் இறங்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் மட்டும் நல்ல சரக்கு இருந்தால் போதும். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சாக்கு கட்டும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது சளி பிடிப்பதுபோல் தானாக வருகிறது.

ஒப்பந்தப்படி முதல் மருத்துவமனையில் சோதனை நான்கு மணி நேரம் நடந்திருக்க வேண்டும். நல்ல வெயில். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத வளாகம். பொறியாளர் கொஞ்சம் பருமனானவர், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கூடியிருந்த ஜனங்களும் நெற்றியில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். நான் குத்தூசிக் கதையைச் சொன்னேன், அதாவது அதில் முதல் பாதியை. "பத்து நிமிஷம் ஓடினா நாலு மணி நேரமும் ஓடும் சார், மிச்சத்த பலகை காட்டப் போகுது" என்றேன். பேரம் என்றுகூடச் சொல்ல முடியாது. அரை மணி என்றார், பத்து என்றேன், சரி என்றார். அன்றிலிருந்து அது வழக்கமானது. பிறகு எல்லா இடத்திலும் பத்து நிமிடம்தான் சோதனை. நாளடைவில் துறையின் சுற்றறிக்கையிலேயே அச்சாகிவிட்டது. சில ஊர்களில் ஜனங்கள் கடைசி நிமிடத்தைச் சேர்ந்து எண்ணி, முடிந்ததும் கைதட்டினார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது.

குத்தூசி எங்கே இறங்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, நான் பேட்டரிப் பெட்டிகளின் முதல் வரிசையில் மட்டும் பேட்டரி வைத்தேன், முதல் ஊரிலும் திரும்பிப் போய் மாற்றிவிட்டேன். பின்வரிசைப் பெட்டிகளில் சிமெண்டுக் கல். எடை சரியாக இருக்க வேண்டும் அல்லவா, அதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை. வாசல் பலகையில் "கையிருப்பு 4 மணி" என்று எழுத்து ஓடும். அது எப்போதும் அப்படித்தான் ஓடும். கழற்றிய ஜெனரேட்டர்களைப் பழைய இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன. வீணாக்க மனம் வரவில்லை.

பெட்டிகளை அடுக்கியது என் மச்சினன். மனைவியின் தம்பி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். முதல் கல்லை வைக்கும்போதே கேட்டான், "மாமா, நாலு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா?" என்று. இந்தக் காலத்தில் நான்கு மணி நேரம் எங்கே கரண்ட் போகிறது மாப்ளே என்றேன். உண்மைதான். போனால் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு மருத்துவமனைக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

இப்போது அவரிடம் வருகிறேன். கடைசியாகச் சோதனை நடந்த ஊரில் அவரைத் துணைக்கேள்வி என்பார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர். எந்தக் கூட்டமானாலும் முன்வரிசை, கேள்வி கேட்டு, பதில் வந்ததும் உட்காராமல், "ஒரு துணைக்கேள்வி" என்பார். ஒட்டிய கன்னம், நெஞ்சில் எந்நேரமும் ஒரு விசில் சத்தம். சோதனை நாளன்று எல்லோரும் கைதட்டி ஓய்ந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"பதினொன்னாவது நிமிஷம் என்ன ஆகும் சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறியாளர் எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்துவிட்டார். அடுத்த திறந்த கூட்டத்தில் பதினொன்றாவது நிமிடத்தையும் மக்கள் முன் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மனு. கொள்கைப்படி மறுக்க முடியாது. பார்த்தீர்களா, மக்களிடம் பதில் சொல்லும் ஏற்பாடு என்று ஒன்றை வைத்தால் ஊருக்கு ஒருவராவது அதை நிஜம் என்று நம்பிவிடுகிறார்.

ஒரு நாள் என் கடைக்கே வந்தார். தேநீர் வரவழைத்தேன். நெஞ்சுக்கு நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"தம்பி, நான் நாப்பது வருஷம் அடுத்தவங்க கவர தூக்கினவன். உள்ள என்ன இருக்குன்னு கைய வச்சாலே தெரியும். ஆஸ்பத்திரியில உங்க பேட்டரி ரூமுக்குள்ள போய் ஒரு பெட்டிய தட்டிப் பார்த்தேன்."

"என்னங்க தெரிஞ்சது?"

"அத கூட்டத்துல சொல்றேன்."

போகும்போது தேநீருக்குக் காசு மேசைமேல் வைத்தார். நான் எவ்வளவு சொல்லியும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததே அப்போதுதான். விலை சொல்லாத மனிதர்களை எனக்கு அதிகம் பழக்கமில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அவருக்கு மூச்சு முட்டி, அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நோயாளியைப் பார்க்கப் போவது தப்பில்லையே. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து முகமூடிக்கு அனுப்பும் மிஷின், கரண்டில் ஓடுவது. "கூட்டத்துக்கு வந்துருவேன் தம்பி" என்றார் முகமூடிக்குள்ளிருந்து. அவசியம் வாங்க என்றேன். வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் மின்வாரியத்தின் தாள் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை பராமரிப்பு வேலை, பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை மின்தடை. தலைமை நர்ஸ் பக்கத்தில் நின்று, "நமக்கென்ன கவலை, உங்க பேட்டரி இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பெண்மணி.

நான் ஒன்றும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கம்பியைத் தொடவில்லை, ஒரு சுவிட்சைத் தட்டவில்லை.

வியாழக்கிழமை நல்ல வெயில். கூரைமேல் தகடுகள் கண்ணைப் பறித்திருக்கும். ஆனால் அந்த அமைப்பில் பேட்டரி காலியானால் தகடும் படுத்துவிடும், மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் கீழே ஒரு பல்பு எரியாது. பன்னிரண்டு பத்துக்கு எல்லாம் நின்றது. பலகை மட்டும் அதற்கென்று வைத்த குட்டி பேட்டரியில் "கையிருப்பு 4 மணி" என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை.

தலைமை நர்ஸ் எனக்கு போன் செய்தார். குரல் பதறவில்லை, பழகின குரல்.

"சார், பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுருச்சு. ஆக்ஸிஜன் மிஷின்ல ரெண்டு பேர் இருக்காங்க, சிலிண்டர் ஒண்ணுதான் இருக்கு. எங்க பழைய ஜெனரேட்டர் உங்ககிட்டதான இருக்கு, அனுப்புங்க."

இருந்தது. என் கிடங்கு அங்கிருந்து கால் மணி தூரம். நர்ஸ் மச்சினனையும் கூப்பிட்டிருக்கிறார், அவன் நான் சொல்லாமலே அதை லாரியில் ஏற்றி, டீசல் ஊற்றி, இன்ஜினைப் போட்டு வைத்திருக்கிறான். அடுத்த போன் அவனுடையதுதான். கிடங்கு கேட்டின் சாவி என் சட்டைப்பையில்.

"மாமா, சாவி வேணாம், சரின்னு மட்டும் சொல்லு. பூட்ட உடைச்சிட்டுப் போயிடறேன்."

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தூய்மைச் சான்றிதழ் வாங்கிய வளாகத்துக்குள் டீசல் ஜெனரேட்டர் போக வேண்டுமானால் பொறியாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விதி நான் போட்டதல்ல. கடிதம் இல்லாமல் வண்டி நகர்ந்தால் உன்னை வேலையை விட்டு நிறுத்துவதோடு போலீசிலும் சொல்வேன் என்றேன். அவன் வீட்டில் அப்போது இரண்டு கைக்குழந்தைகள். நர்ஸிடமும் அதையே சொன்னேன்: பொறியாளர் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், அடுத்த நிமிடம் வண்டி வரும். அவர் போன் எடுக்கவில்லை சார் என்றார். நானும் அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பொறியாளர் அந்த நேரம் எங்கே இருந்தார் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். என் எதிரில் இருந்தார். சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஏசி வைத்த ஓட்டல், செவ்வாய்க்கிழமையே நான் மேசை சொல்லி வைத்திருந்தேன். "செல்போன வண்டியிலயே வச்சிட்டு வாங்க சார், ஒரு நாளாவது நிம்மதியா சாப்பிடலாம்" என்று சொன்னதும் நான்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. யார் போன் என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். ஐஸ்கிரீம் வரவழைத்தேன். மனிதர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மற்றதை நர்ஸ் உங்களிடம் சொல்லியிருப்பார். அடுத்த கட்டிலில் ஒரு தையற்கடைப் பெண். சிலிண்டரைக் கொண்டுவந்தபோது துணைக்கேள்வி கையால் அந்தப் பக்கம் காட்டிவிட்டாராம். பிறகு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எத்தனாவது நிமிஷம்மா?" என்று கேட்டாராம். அவர் பேசியது அதுதான் கடைசி. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

திறந்த கூட்டத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் என் மச்சினன் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றான். "ஒரு துணைக்கேள்வி" என்றான். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து உங்கள் தேநீரைக் குடிக்கிறேன். என் மனைவி தம்பி பக்கம்.

அந்த மருத்துவமனை சான்றிதழை இழந்துவிட்டது; பழையபடி ஜெனரேட்டர் தேவைப்பட்டது. கைது ஆவதற்கு இரண்டு நாள் முன்னால் அதே ஜெனரேட்டரை அவர்களுக்கே வாடகைக்கு விட்டேன். முதல் மாதம் பாதி வாடகைதான் வாங்கினேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டீர்கள். மின்தடைத் தாளைப் படித்தேன், ஓட்டலில் மேசை சொன்னேன், சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலைகாரன் என்று எழுதினால் அது பொருந்தாது. நான் சரக்குக் குறைத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். கணக்கை நீங்களே பாருங்கள். அந்த ஊருக்கு நான் தர வேண்டியது நான்கு மணி நேரம். தந்தது பத்து நிமிடம். பாக்கி மூன்று மணி ஐம்பது நிமிடம். வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லாததால் தள்ளுபடி. தேநீருக்கு அவரே காசு வைத்துவிட்டுப் போனார், அதனால் அந்த வகையிலும் ஒன்றும் இல்லை. மற்ற முப்பத்தைந்து ஊர்களிலும் இதே மூன்று மணி ஐம்பது நிமிடம் நிற்கிறது. அங்கே இன்னும் யாரும் கேட்கவில்லை.