வீட்டின் மேல் நோட்டீசு இல்லை

சாப்பிட்டதும் வெற்றிலை போடாவிட்டால் எனக்குப் பேச்சு ஓடாது, ஐயா. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அது ஒன்றுதான் குறை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த வருஷம் நான் பஞ்சாயத்து போர்டு மெம்பர். ஊரில் சாய்ந்து நிற்கும் சுவர்களையெல்லாம் இடித்தாக வேண்டும் என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். மாலைகூடப் போட்டார்கள். அந்தத் தீர்மானப்படி கிளம்பிய முதல் நோட்டீசு, பந்தல்குடி சாலையிலிருந்த என் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கரிசல் வெடித்து வடக்குச் சுவர் அடியோடு விலகியிருந்தது. இடித்துக் கட்ட வேண்டும், அதுவரை சுவரோரம் பள்ளம் தோண்டக் கூடாது என்று உத்தரவு.

என் நிலைமையை யோசியுங்கள். இடித்தால் எதிரணிப் பால்சாமி நடுத்தெருவில் நின்று, "ஏலே, ஊருச் சொவத்த இடிக்கச் சொன்னவன் தஞ்சொவத்துல மாட்டிக்கிட்டான்டோய்" என்பான். இடிக்காவிட்டால் போர்டிலேயே எழுந்து கேட்பான். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சுவர்தான். விற்றுத் தொலைப்பது ஒன்றே வழி.

வாங்க வந்தவர் நெசவாளர் அப்பய்யா. கூடவே மனைவி லிங்கம்மாள். வடக்குச் சன்னலைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வெளிச்சத்தப் பாரு! தறிக்குழிக்குன்னே கட்டுனாப்புல இருக்கு" என்றார். குழித்தறிக்காரர்கள் சன்னலடிச் சுவரோரமாகத்தான் குழி வெட்டுவார்கள். காலை அதில் இறக்கி உட்கார்ந்தால் லேசில் எழ முடியாது. நெசவாளர் ஓட்டில் ஜெயித்தவனுக்கு இது தெரியாதா?

"போர்டுல வீட்டு மேல நோட்டீசு கீட்டீசு நிக்குதான்னு பாக்கணுங்க" என்றாள் லிங்கம்மாள்.

"மெம்பரு வீட்டுக்கே நோட்டீசா? கிறுக்கி!" என்று அப்பய்யா சிரித்தார். "அவுகளே பாத்துச் சொல்லட்டும்."

"விக்கிறவுகளே பாத்துச் சொல்றதா? நல்லாருக்கு கத."

"நீ கேக்குறது நியாயந்தாம்மா" என்றேன். நேரே போர்டு ஆபீஸுக்குப் போனேன். காப்பி வரவழைத்துச் சாப்பிட்டேன். திரும்பி வந்து, "வீட்டு மேல நோட்டீசு இல்ல" என்றேன். அது பொய்யில்லை, ஐயா. நோட்டீசு சுவரின் மேல்தான் இருந்தது. சுவரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

பத்திரம் முடிந்தது. சுவரை ஒட்டிக் குழி வெட்டினார்கள். மெம்பர் கையால்தான் தறி தொடங்க வேண்டும் என்று அப்பய்யா பிடிவாதம் பிடித்தார். போய்த் தேங்காய் உடைத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. லிங்கம்மாள் அடுப்படியில் இருந்ததால் பிழைத்தாள். அப்பய்யாவின் கால்கள் குழிக்குள் இருந்தன. அனுதாபக் கூட்டத்தில் நான்தான் பேசினேன், பலர் அழுதார்கள்.

தெரிந்தே கொன்றேன் என்கிறீர்கள். சுவர் இன்ன நேரத்தில் விழும் என்று எந்த மனுஷனுக்குத் தெரியும்? சுவருக்கு வெளியே இருந்த காலி மனை இன்னும் என்னுடையதுதான். அங்கே சுவரோரமாகக் கட்டியிருந்த என் எருமையை அன்று மேகம் திரண்டதுமே நானே போய் அவிழ்த்து வந்தேன், அதை மறுக்கவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே அப்பய்யா சன்னல் வழியாகக் கேட்டார்: "மழைக்கு எரும கரைஞ்சா போயிரும், மெம்பரய்யா?"

நானும் சிரித்துக்கொண்டேதான் ஓட்டி வந்தேன். வாயில்லாத ஜீவன், ஐயா. அதற்கு நாம்தானே பார்த்துச் செய்ய வேண்டும்.